பலகைக்கு அந்தப் பக்கம் பதினோரு மணி

மினாசே தீவு மிதந்துவந்து ஷீகாங் துறைமுகத்தோடு ஒட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில். தைவானின் கிழக்குக் கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அதற்காக யாரும் கைவேலையை நிறுத்தவில்லை, ஏனென்றால் அது கானாங்கெளுத்தி இறங்கும் நேரம். ஐஸ் உடைக்கிறவர்கள் ஐஸ் உடைத்தார்கள், கூடை சுமக்கிறவர்கள் கூடை சுமந்தார்கள், ஏலம் கூவுகிறவர் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "கப்பல்னா கொடி பறக்கும், இதுல துணி காயுது" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து கூவினார். மீனெல்லாம் விற்றுத் தீர்ந்து வெயில் ஏறிய பிறகுதான் ஊர் கரையோரம் கூடி நின்று நிதானமாகப் பார்த்தது: ஒரு குன்று, குன்று முழுக்க மரம், அடிவாரத்தில் சாம்பல்நிற ஓடு போட்ட வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு பொதுக் குளியல் கூடம், ஒற்றை அறையில் ஒரு போலீஸ் நிலையம், கரை விளிம்பில் உயர வரிசைப்படி நின்றுகொண்டு தலை குனிந்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

முந்தின இரவு வரைக்கும் அந்தத் தீவு ஜப்பானில், கியூஷூவுக்கு மேற்கே கடலில், நின்ற இடத்தில்தான் நின்றிருந்தது. ஏன் கிளம்பியது, எப்படி வந்தது என்று யாரும் ரொம்பத் தோண்டவில்லை. வாசலில் வந்து நிற்கிற விருந்தாளியிடம் வந்த வழியை விசாரிப்பதற்கு முன்னால் சாப்பாட்டை விசாரிக்கிற ஊர் ஷீகாங். மீனவர் சங்கத்தார் ஐஸ் இறக்கும் பலகையைக் கொண்டுவந்து இரண்டு கரைக்கும் நடுவில் போட்டார்கள். அதற்கு அந்தப் பக்கமிருந்து தீவின் தலைவர் தனிகாவா, எழுபத்திரண்டு வயதுக்காரர், இடுப்பு வரை குனிந்து ஏதோ நீளமாகச் சொன்னார். யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் ஷூயுனைப் பார்த்தார்கள்.

ஷூயுனுக்கு இருபத்தாறு வயது. தைபேயில் நான்கு வருடம் ஜப்பானிய மொழி படித்தவள்; படித்து முடித்து ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டபோது பத்து நிமிடம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ரயிலேறி ஊருக்கு வந்தவள். மீனவர் சங்க அலுவலகத்தில் கடல் ஏறி இறங்கும் ஓத நேரத்தைக் கரும்பலகையில் எழுதும் வேலை. பேசவேண்டிய அவசியமில்லாத வேலை. ஊரில் யார் எப்போது இருமுவார்கள் என்பதுவரை அவளுக்குத் தெரியும், அவளுக்கு என்ன பிடிக்கும் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது.

"அதிகாலையில இப்படிச் சொல்லாம வந்து உங்களுக்கெல்லாம் ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டோம், பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும்ங்கறார்" என்றாள் ஷூயுன், காலருகே பார்த்துக்கொண்டு.

அவளுடைய அம்மா பாவ்சூ துறைமுக வாசலில் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவள். சோயாப்பாலும் முட்டை சுருட்டிய ரொட்டியும் விற்கும் அந்த ஊர்க் கடைக்காரிகளின் வழக்கப்படி, வருகிற ஆண்பிள்ளைகளையெல்லாம் வயது பார்க்காமல் அழகா என்றும் பெண்களையெல்லாம் அழகி என்றும் கூப்பிடுவாள். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "தொந்தரவு கெடக்கட்டும். சாப்டாச்சா, அழகா?" என்றாள்.

ஷூயுன் கடைசிச் சொல்லில் கொஞ்சம் திணறினாள். ஆனால் அடுத்தவர் பேச்சில் கை வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்தாள். தனிகாவா நிமிர்ந்தார். காது நுனிவரை சிவந்தது. அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டு நாற்பது வருடமாகியிருந்தது. மறுநாளிலிருந்து பாவ்சூ கடையில் முதல் போணி அவர்தான்.

இரண்டு தலைநகரங்களிலிருந்தும் அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், கப்பல் என்றால் மாலுமி யார் என்றும் நிலம் என்றால் பட்டா எங்கே என்றும் கேட்டார்கள், இரண்டுக்கும் பதில் இல்லாததால் ஒரு கட்டுப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, போகிறவர் வருகிறவர் பேரையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்காகப் பலகைக்குப் பக்கத்தில் நீளமான ஒரு மேசை போடப்பட்டது, இரண்டு கால் துறைமுகத்தில், இரண்டு கால் தீவில். இந்தப் பக்க நாற்காலியில் ஷூயுன் உட்கார்ந்தாள். அந்தப் பக்க நாற்காலியில் தீவின் ஊராட்சி அலுவலகத்து ஒரே எழுத்தர், தலைவரின் தம்பி மகன் தைச்சி உட்கார்ந்தான். அவள் முன்னால் ஒரு கடிகாரம், அவன் முன்னால் ஒரு கடிகாரம். அவளுடையது எட்டு காட்டினால் அவனுடையது ஒன்பது காட்டும். தலைக்குமேல் வெயில் ஒன்றுதான், காற்று ஒன்றுதான், இரண்டு பேர் மேலும் எச்சம் போட்ட கடல்காகம்கூட ஒன்றுதான். இருந்தாலும் தைவான் தைவான், ஜப்பான் ஜப்பான். ஒரு நாடு தன் மணியை இன்னொரு நாட்டுப் பலகைக்காக மாற்றிக்கொள்ளாது.

அந்த ஒரு மணி நேரத்தோடு வாழ ஊர் ஒரே வாரத்தில் பழகிவிட்டது. தீவுக்காரர்கள் ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி ஆறு மணிக்குப் பாவ்சூ கடையில் சோயாப்பால் குடித்தார்கள். துறைமுகத்துக்காரர்கள் குளியல் கூடம் மூட இன்னும் ஒரு மணி இருக்கிறதென்று துண்டோடு பலகையைத் தாண்டிப் போய், மூடிய கதவைத் தட்டிவிட்டு உடம்பெல்லாம் மீன்வாடையோடு திரும்பி வந்தார்கள். பலகையின் நடுவில் போகும்போது பையிலிருக்கும் கைபேசி ஒரு தடவை உறுமி மணியை மாற்றிக்கொள்ளும். பிள்ளைகள் நடுப்பலகையில் ஏறி நின்று குதித்துக் குதித்து அதைப் பைத்தியமாக்கினார்கள். தீவில் மாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வரும், பிள்ளைகளெல்லாம் விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்று அர்த்தம். அது கேட்டு ஷீகாங் பிள்ளைகளும் நாலு மணிக்கே வீடு வந்து சேர, தாய்மார்கள் அந்தத் தீவை அனுப்பிய கடல் நன்றாயிருக்கட்டும் என்றார்கள். ஷீகாங்கில் குப்பை வண்டியும் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வரும். துறைமுகத்துக்காரர்கள் பாட்டு தெருமுனை தாண்டிய பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடுவார்கள். தீவுக்காரர்கள் பாட்டு கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே, கழுவிக் காயவைத்த பாட்டில்களை மூடி வேறு பாட்டில் வேறாகப் பிரித்துக்கொண்டு, வரிசையில் நிற்பார்கள். இவர்கள் அவர்களைப் பார்த்து, பாவம், பிறந்ததிலிருந்தே பரீட்சை எழுதுகிறார்கள் என்றார்கள். அவர்கள் இவர்களைப் பார்த்து, பாவம், யாரும் இவர்களுக்குக் கடிகாரம் வாங்கித் தரவில்லை என்றார்கள். தீவின் போலீஸ்காரர் நிஷி ரொம்ப மனசாட்சி உள்ளவர். பலகையைத் தாண்டி வருகிற துறைமுகத்து ஜனங்கள் ஆளுக்கொரு மணி நேரத்தை எங்கோ தொலைத்துவிடுகிறார்கள் என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்ததால், தொலைந்த பொருள் பதிவேட்டில், குடைகளுக்கும் ஒற்றைக் கையுறைகளுக்கும் கீழே, 'ஒரு மணி நேரம், அடையாளம் ஏதுமில்லை' என்று எழுதி வைத்தார்.

ஷூயுனுக்கு அந்த மேசை பிடித்திருந்தது. மொழிபெயர்ப்பில் தன் சொல் ஒன்றுகூட வேண்டியதில்லை. ஒரு பக்கத்து வாயிலிருந்து வாங்கி மறுபக்கத்துக் காதில் போட்டால் போதும்.

தைச்சியும் அதிகம் பேசுகிறவன் இல்லை. பென்சிலை மேசை விளிம்புக்கு நேராக வைப்பான், பிறகு ரப்பரைப் பென்சிலுக்கு நேராக வைப்பான். அவன் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்ததும் தீவு முழுக்க சோற்று டப்பா திறக்கும் சத்தம் ஒன்றாகக் கேட்கும், அவனும் திறப்பான். அப்போது ஷூயுனுக்குப் பதினொன்று. அவளுக்குப் பன்னிரண்டு ஆகும்போது அவன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு முத்திரை குத்திக்கொண்டிருப்பான். இரண்டு மாதம் இப்படித்தான் போயிற்று, அவன் சாப்பிட அவள் எழுத, அவள் சாப்பிட அவன் எழுத. ஒரு வியாழக்கிழமை தீவில் டப்பாக்கள் திறந்தன, தைச்சியின் டப்பா திறக்கவில்லை. அவன் பென்சிலை நேராக்கினான். வயிறு ஒரு தடவை சத்தம் போட்டது. அரைமணி கழித்து இன்னொரு தடவை போட்டது. அவளுடைய கடிகாரம் பன்னிரண்டு காட்டியதும், ஒன்றும் நடக்காததுபோல, டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இன்னிக்கு லேட்டாயிடுச்சா?" என்று கேட்டாள் ஷூயுன். மேசை போட்டதிலிருந்து அவளாக அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"இல்லைங்க. அப்போ பசிக்கல" என்றான் தைச்சி, முத்திரையைப் பார்த்துக்கொண்டு. வயிறு மூன்றாவது தடவையும் சத்தம் போட்டது.

பிறந்ததிலிருந்து ஊரோடு சேர்ந்து பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்ட ஒரு மினாசே ஆள், ஒரு பெண்ணுக்காக ஒரு மணிவரை காத்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ள ஷூயுனுக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. அவள் தன் டப்பாவிலிருந்து ஊறுகாய் முள்ளங்கி இரண்டு துண்டை எடுத்து, மேசையின் நடுவில், எந்த நாடு என்று சொல்லமுடியாத இடத்தில் வைத்தாள்.

குளிர்காலம் வருவதற்குள் விஷயம் இரண்டு ஊருக்கும் தெரிந்துபோயிற்று. "பையன் நல்ல பையன்தான். முட்டை ரொட்டி தின்னா தட்டைத் துடைச்சுக் குடுக்கறான்" என்றாள் பாவ்சூ. "ஆனா நின்ன இடத்துல நிக்காத ஊருடி அது. ஒருநாள் வந்த மாதிரியே ஒருநாள் கிளம்பிடுச்சுன்னா?"

அந்தப் பயம் வெறும் பயமில்லை. ஓதம் ஏறும் நாட்களில் தீவு லேசாகத் தூக்குவதை மேசையில் உட்கார்ந்தே பார்க்கலாம். தைச்சியின் பக்கம் உயர்ந்து, பென்சில்கள் ஷூயுனை நோக்கி உருண்டு வரும். தீவைத் துறைமுகத்தோடு கட்டியிருந்த கயிறுகள் முனகத் தொடங்கியிருந்தன. தீவு போனால் தைச்சியும் போகத்தான் வேண்டும், அவனை விட்டால் அங்கே பிறந்த பிள்ளையின் பேரை எழுத ஆளில்லை, செத்தவர் பேரை அடிக்கவும் ஆளில்லை. கூடப் போக ஷூயுன் தயார். ஆனால் கல்யாணம் ஆகாத பெண்ணை நகர்கிற தீவில் ஏற்றி அனுப்ப பாவ்சூ தயாரில்லை. கல்யாணம் என்றால் நல்ல நேரத்தில்தான்.

கோயிலில் பஞ்சாங்கம் பார்க்கும் ஹுவாங் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பழைய கணக்கில் ஒரு நாளைப் பன்னிரண்டு மிருகங்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. இருபத்து மூன்றாம் தேதி, பாம்பு நேரம், காலை ஒன்பதிலிருந்து பதினொன்று. "இதை விட்டா இந்த வருஷம் பொண்ணுக்கு நாள் கிடையாது, அம்மா. அடுத்த வருஷம் பஞ்சாங்கத்துல வசந்தம் தொடங்குற நாளே விழாத வருஷம். அதுல யாரும் கல்யாணம் பண்ணமாட்டாங்க." அன்றைக்குப் பெரிய ஓதம் என்பதை ஷூயுனே கரும்பலகையில் எழுதியிருந்தாள்: பதினொன்றுக்கு உச்சம்.

அழைப்பிதழையும் அவள்தான் எழுதினாள், ஒரு பக்கம் சீனத்தில், ஒரு பக்கம் ஜப்பானியத்தில். பெண் வீட்டில், காலை பத்து மணிக்கு. யாருடைய பத்து என்று எழுதவேண்டுமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். எங்கள் பத்து என்று எழுதினால் அவர்களுடையது பத்தில்லை என்பதுபோல ஆகிவிடும். உங்கள் பத்து என்று எழுதினால் அம்மா கோபித்துக்கொள்வாள். யாரிடமாவது கேட்கலாம், ஆனால் கேட்க வாய் வரவேண்டுமே. எழுதாமலே ஒட்டி அனுப்பினாள்.

தீவில் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். "பெண் வீடு துறைமுகத்தில். அதனால் துறைமுகத்துப் பத்து மணிதான்" என்றார் தனிகாவா. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். "அதோடு, அங்கே சொன்ன நேரத்துக்குப் போவது சரியா என்று தெரிந்தவரிடம் கேட்டுவிடுவது நல்லது." தெரிந்தவர் என்று துறைமுகத்திலிருந்து மீன் விற்க வந்திருந்த ஆ-சுங்கைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தீவில் விற்றே கொஞ்சம் ஜப்பானியம் பழகியவன் அவன், கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஐயோ, பத்துன்னா பத்துக்குப் போயிடாதீங்க. வீட்டுக்காரங்க குளிச்சிருக்கக்கூட மாட்டாங்க. ஒரு மணி நேரமாவது தாமதமாப் போனாத்தான் மரியாதை." அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை, தன் வாழ்க்கையைச் சொன்னான். பிறந்ததிலிருந்து தாமதமாகப் போயறியாத அந்த ஜனங்களுக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனால் பெண் வீட்டார் மரியாதை. தாமதத்துக்கு ஓர் அட்டவணை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்ததில் ஏழு பேர் தாங்கமுடியாமல் சரியான நேரத்துக்கே வந்துவிட்டார்கள். அவர்களைக் குன்றை இரண்டு சுற்று சுற்றிவரச் சொன்னார்கள்.

அதே ஞாயிற்றுக்கிழமை பாவ்சூ கடையில் துறைமுகத்துக்காரர்கள் கூடினார்கள்.

"அவங்க எதுக்கும் பத்து நிமிஷம் முந்தி வர்றவங்க" என்றாள் பாவ்சூ. "நாம வாயைப் பொளந்துக்கிட்டு அரைமணி கழிச்சுப் போய் நின்னா என் பொண்ணு மானம் என்ன ஆவுறது? இந்த ஒரு நாளு, அவங்க கடிகாரப்படி, அவங்களுக்கும் முன்னாடி, எல்லாரும் உக்காந்திருக்கணும்."

"அவங்க பத்துன்னா நமக்கு ஒம்போது. பத்து நிமிஷம் முந்தின்னா எட்டு அம்பது" என்றான் ஆ-சுங் பயந்துபோய். "அக்கா, அந்த நேரம் ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"வராதவனுக்கு இனிமே ஜென்மத்துக்கும் ரொட்டி கெடையாது, அழகா."

இருபத்து மூன்றாம் தேதி காலை எட்டு ஐம்பதுக்கு, ஷீகாங்கின் வரலாற்றிலேயே முதல் தடவையாக, எண்பது பேர் தலைசீவி, பொத்தான் போட்டு, பாவ்சூ வீட்டு முன்னால் போட்டிருந்த பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் அந்த நேரத்தில் பார்த்ததே இல்லையாதலால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஷூயுன் சிவப்பு உடுப்பில் உள்ளறையில் இருந்தாள். மாப்பிள்ளை வந்து கூட்டிப்போகும்வரை பெண் வெளியே வரக்கூடாது. ஒன்பதாயிற்று. ஒன்பதரை ஆயிற்று. தெருமுனையில் சமையல்காரர்கள் பத்து வகை விருந்துக்குச் சட்டி ஏற்றியிருந்தார்கள், இஞ்சி வாசனை வந்துகொண்டிருந்தது, மாப்பிள்ளை வீட்டில் ஒருவரும் வரவில்லை. பத்தாயிற்று.

"வரமாட்டாங்களோ" என்று யாரோ பந்தலில் மெதுவாகச் சொன்னது உள்ளறைவரை கேட்டது.

"ஒரு நிமிஷம் பிந்தாதவங்க ஒரு மணி நேரம் பிந்தறாங்கன்னா, மனசு மாறிடுச்சுன்னுதானே அர்த்தம்?" என்றாள் இன்னொருத்தி.

பாவ்சூ யாரையும் அழகா என்று கூப்பிடாமல் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவை ஷூயுன் அப்படிப் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாகக் கயிறுகள் முனகுவது கேட்டது, ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. பத்து இருபதுக்கு அவள் எழுந்து, பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பந்தலின் நடுவாக நடந்து தெருவில் இறங்கினாள்.

"எங்கடி போற? பொண்ணு தானா போகக்கூடாது, அசிங்கம்" என்று பின்னாலேயே வந்தாள் பாவ்சூ. ஷூயுன் நிற்கவில்லை. ஒரு மணப்பெண் தனியாகத் தெருவில் போவது அசிங்கம், எண்பது பேரோடு போனால் ஊர்வலம் என்று பந்தலில் இருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கவேண்டும், எல்லாரும் எழுந்து வந்தார்கள். சாமான் ஏற்கெனவே சூடாகிவிட்டதால் சமையல்காரர்களும் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பலகை ஆடியது. எண்பது பைகளில் எண்பது கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின.

பள்ளிக்கூட மைதானத்தில் தீவு ஜனங்கள் அத்தனை பேரும் கறுப்பு உடுப்பில், நான்கு வரிசை நாற்காலிகளில், கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து, மிகுந்த கட்டுப்பாட்டோடு தாமதித்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரம் பதினொன்று முப்பத்தைந்து காட்டியது. முதல் வரிசையில் தைச்சியின் நெற்றியெல்லாம் வியர்வை. ஷூயுனைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, தைச்சி" என்று தனிகாவா அவன் கையைப் பிடித்தார்.

விஷயம் என்னவென்று இரண்டு பக்கமும் புரிந்துகொள்ள மூன்று நிமிடம் ஆனது, ஆ-சுங்கைத் தேட ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் தனிகாவா இடுப்பு வரை குனிந்தார்.

"எங்களுடைய அறியாமையால் உங்களை இவ்வளவு நேரம் காக்கவைத்துவிட்டோம். எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை" என்றார். ஷூயுன் மொழிபெயர்த்தாள்.

பாவ்சூவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஐயோ, தப்பு எங்க மேலதான். நாங்கதான் எங்களுக்கு வராத பழக்கத்தைப் பெருமைக்குக் காட்டப் போனோம்." ஷூயுன் மொழிபெயர்த்தாள். அப்படியில்லை, அட்டவணை போட்டது நாங்கள் என்றார் தனிகாவா. அப்படிச் சொல்லாதீர்கள், யோசனை சொன்னது எங்கள் ஊர்ப் பையன் என்றார்கள் இவர்கள். ஆ-சுங் தனியாக மன்னிப்புக் கேட்டான். ஒத்திகையில் தோற்ற ஏழு பேரும், தாங்கள் இன்னும் நன்றாகத் தோற்றிருக்கலாம் என்று எழுந்து மன்னிப்புக் கேட்டார்கள். போலீஸ்காரர் நிஷி தொப்பியைக் கழற்றினார், அவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை, அதையும் ஷூயுன் மொழிபெயர்த்தாள். ஒவ்வொரு மன்னிப்பும் முந்தினதைவிட நீளமாயிருந்தது. அம்மாவின் கைக்கடிகாரத்தில் பத்து நாற்பத்து நான்கு. காலுக்கடியில் தரை மெதுவாக ஒருமுறை மூச்சு வாங்கியது. தனிகாவா அடுத்த மன்னிப்புக்குக் குனியத் தொடங்கினார்.

"போதும்" என்றாள் ஷூயுன்.

இரண்டு மொழியிலும் சொன்னாள். யார் சொன்னதை மொழிபெயர்க்கிறாள் என்று தெரியாமல் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"யாரும் சொல்லல. இது நான் சொல்றது." அவள் காலடியைப் பார்க்கவில்லை. ஒரு வாக்கியம் தன் மொழியில், அதே வாக்கியம் அவர்கள் மொழியில், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். "இன்னும் பதினாறு நிமிஷம் இருக்கு. நான் இவரைக் கட்டிக்கணும். எனக்காக ஒரு மணி நேரம் பசியோட உக்காந்திருந்த ஆள் இவரு. இந்தத் தீவு எங்க போனாலும் நானும் போவேன். உங்க மன்னிப்பையெல்லாம் சாயங்காலம் வரிசையா நின்னு கேட்டுக்கங்க, அதையும் நானே மொழிபெயர்க்கிறேன். இப்போ ஊதுபத்தியைக் கொளுத்துங்க."

தனிகாவா பாதி குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"இவ்ளோ பேச்சை இத்தனை வருஷமா எங்கடி வெச்சிருந்த?" என்றாள் பாவ்சூ.

ஹுவாங் வாத்தியார்தான் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரி அம்மா. ஆனா நாம நிக்கிற இடத்துல மணி பதினொன்னே முக்கால். பாம்பு நேரம் முடிஞ்சு போச்சே. கரைக்குத் திரும்பினாத்தான் உண்டு, முன்னூறு பேர் ஒத்தைப் பலகையில…"

எல்லாரும் பாவ்சூவைப் பார்த்தார்கள். நல்ல நேரம், நல்ல நேரம் என்று மூன்று மாதமாகக் கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்தவள் அவள். அவள் மகளைப் பார்த்தாள், பிறகு கையை நெற்றிக்குமேல் வைத்து வானத்தைப் பார்த்தாள்.

"வாத்தியாரே, பாம்பு எதைப் பார்த்துப் பொந்தை விட்டு வெளிய வருது? வெயிலையா, சுவத்துக் கடிகாரத்தையா?"

"வெயிலைத்தான்."

"வெயில் எங்க நிக்குது?"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பாம்புலதான் நிக்குது" என்று ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு ஊரும் சேர்ந்து வேலை செய்த வேகத்தைப் பார்த்திருக்கவேண்டும். தீவுக்காரர்கள் வரிசை போட்டார்கள், துறைமுகத்துக்காரர்கள் வரிசையைக் கலைத்துக் குறுக்கே ஓடினார்கள், இரண்டும் சேர்ந்ததில் எல்லாம் பாதி நேரத்தில் முடிந்தது. மணப்பெண் தாண்டவேண்டிய நெருப்புக்குக் குளியல் கூடத்து அடுப்பிலிருந்து தணல் வந்தது. மிதித்து உடைக்கவேண்டிய ஓடு ஒன்றைப் போலீஸ்காரர் நிஷி தன் நிலையத்துக் கூரையிலிருந்தே உருவிக்கொண்டு வந்தார். பெரியவர்களுக்குக் கொடுக்கும் தேநீரை ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றினார்கள். தைச்சி மோதிரத்தைப் போட்டுவிட்டபோது அவசரத்தில் முதலில் அது பக்கத்து விரலுக்குப் போய், திரும்பி வந்தது. பாவ்சூ கைக்கடிகாரத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். பத்து ஐம்பத்தேழு.

பிறகு சாப்பாடு. முதலில் குளிர்ந்த இறால், அடுத்தது ஆவியில் வேகவைத்த மீன், மூன்றாவது எள்ளெண்ணெயில் கோழி. சூப்புக்காரர் மட்டும் கடைசிச் சட்டியை எடுத்துவரத் துறைமுகத்துக்குத் திரும்பிப் போயிருந்தார். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் கயிறுகள் அறுந்தன, பலகை தண்ணீரில் விழுந்தது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டு கையிலும் சட்டியோடு கரைக்கு வந்த சூப்புக்காரர்தான், கல்யாணம் தன்னை விட்டுக் கிழக்கே நகர்ந்து போவதை முதலில் பார்த்தார். "சூப்பு" என்று கத்திக்கொண்டே ஒரு படகில் குதித்தார்.

தீவில் விஷயம் தெரிந்ததும் தனிகாவா முகம் வெளுத்து பாவ்சூ முன்னால் வந்து நின்றார். குனிவதற்கு முன்னால் தைச்சியே முந்திக்கொண்டு, மேசையில் உட்கார்ந்து இத்தனை மாதம் காதில் வாங்கிச் சேர்த்த துறைமுகத்துப் பேச்சில், தட்டுத்தடுமாறிச் சொன்னான்: "அத்தை. தீவு… போகுது."

பாவ்சூ திரும்பிப் பார்த்தாள். கரையில் அவளுடைய கடையும் கடைக்குமேல் வீடும் கைக்குட்டை அளவுக்குச் சின்னதாகியிருந்தன. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கோழிக்காலை எடுத்தாள்.

"பொண்ணைக் கட்டிக் குடுத்தா அவ போவா, பெத்தவ கரையில நின்னு அழுவா. அதானே எல்லா எடத்துலயும். மாமியாரையும் எண்பது பேரையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போற மாப்பிள்ளையை நான் இப்பதான் பாக்குறேன். உக்காருங்க மாப்பிள்ளை, ஆறுது."

சூப்புக்காரரின் படகுக்குப் பின்னால், விருந்தாளிகளைத் திருப்பி அழைத்துப்போக எட்டு மீன்பிடிப் படகுகள் வந்தன. ஆனால் ஆறாவது பதார்த்தம் அப்போதுதான் மேசைக்கு வந்திருந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. படகுக்காரர்கள் கொஞ்ச நேரம் கீழேயிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கட்டிப்போட்டு மேலேறி வந்து அவர்களும் உட்கார்ந்தார்கள். தனிகாவா பாவ்சூவுக்குப் பக்கத்து நாற்காலியில் இடம் கேட்டு, இடம் கிடைத்து, ஒரு மன்னிப்பும் கேட்காமல் இரண்டு கிண்ணம் நண்டுச் சோறு தின்றார். தீவு அதுவரை இவ்வளவு பேரையும் இவ்வளவு சாப்பாட்டையும் சுமந்ததில்லை. எட்டாவது பதார்த்தத்தின்போது, துறைமுகத்திலிருந்து படகில் அரைமணி நேரத் தூரத்தில், கனம் தாங்காமல் கடலடித் திட்டு ஒன்றில் மெத்தென்று உட்கார்ந்தது. கிண்ணங்களிலெல்லாம் சூப் ஒருமுறை விளிம்புவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. எல்லாரும் கரண்டியைப் பிடித்தபடி, மறுபடி நகருமா என்று காத்திருந்தார்கள். நகரவில்லை.

ஷூயுன் தன் கிண்ணத்தை நீட்டினாள்.

"எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.